வராதவரை விசாரியாதே

மானுட மன்றத்தில் கடவுளுக்கு இடமில்லை என்று அதன் தலைவர் மேடைக்கு மேடை சொல்லுவார். உண்மையைச் சொன்னால் அங்கே மனிதர்களுக்கே இடம் போதாது. கண்ணாடிக்கடையின் மாடி அறை அது. பழைய ஃபிரேம் பெட்டிகளும், எழுத்து மங்கிப்போன கண் சோதனைப் பலகையும், விரிசல் விட்ட நிலைக்கண்ணாடியும் போக மிஞ்சிய மூலையில் மடக்கு நாற்காலிகளை விரித்துவிட்டால், மின்விசிறிக்கே மூச்சு முட்டும். ஞாயிறு காலைகளில் அங்கே கூடி, கடவுளின் துணையில்லாமல் மனிதர்கள் நல்லவர்களாக வாழ்வது எப்படி என்று விவாதிப்பார்கள். விவாதம் முடிந்ததும் தேநீர், பிஸ்கட். பிறகு அவரவர் வீடு.

மாடி கண்ணாடிக்கடைக்காரருடையது, ஆகவே செயலாளர் பதவியும் அவருக்கு. குரல் பேராசிரியருடையது, ஆகவே தலைமை அவருக்கு. பேராசிரியர் ஓய்வுபெற்றுப் பல காலமாகியும் அவரிடமிருந்து வகுப்பு ஓய்வு பெறவில்லை. எதிரே இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும், கரும்பலகை தேடுவார். அண்ணன், அக்கா, மாமா என்று கூப்பிடுவதெல்லாம் பழைய சமூகத்தின் எச்சம் என்பது அவர் முடிவு. அதனால் மன்றத்தில் எல்லோரும் எல்லோருக்கும் 'உறுப்பினரே'தான். பேருந்து நிறுத்தத்தில் எதிர்ப்பட்டபோது யாரோ அப்படிக் கூப்பிட, பக்கத்தில் நின்ற பத்துப்பேர் ஏதோ கட்சிக் கூட்டமென்று ஒதுங்கிப் போனதும் உண்டு.

மன்றத்துக்கு விதிகள் நிறைய. அவற்றில் ஒன்றுதான் கண்ணாடிக்கடைக்காரர் கொடுத்தது. இளம் வயதில் அவர் வீட்டில் எல்லோரும் ஒரு பிரார்த்தனைக் குழுவில் இருந்தார்கள். ஒரு வாரம் போகவில்லை என்றால் மறுநாளே நாலு பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "என்னப்பா, ஆளையே காணோமே" என்பார்கள். ஒருமுறை தப்பிக்க வேண்டி, காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். இல்லாத காய்ச்சலுக்காகச் சுற்றி நின்று கண்ணை மூடி உருகினார்கள் பாருங்கள், அன்றைக்கு முடிவு செய்தார்: தான் ஒரு கூட்டம் சேர்த்தால், அதில் மனிதனை மனிதனாக விட்டுவிட வேண்டும். "வரலைன்னா ஏன் வரலைன்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது. அவ்ளோதான்" என்று தொடக்கக் கூட்டத்தில் அவர் சொன்னபோது கைதட்டல் எழுந்தது. பேராசிரியர் அதைக் கையில் வாங்கி, செதுக்கி, மெருகேற்றி, 'வராதவரை விசாரியாதே' என்று ஆக்கித் தந்தார். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். பார்க்க ஏதோ ஈராயிரம் ஆண்டுப் பழமை உள்ளது போலத்தான் இருந்தது.

அந்தச் சுவருக்கு எதிரே, ஜன்னலோரம், சர்வேயரின் இடம்.

காப்பீட்டு நிறுவனத்துக்காக இழப்பை மதிப்பிடப் போகிற வேலை அவருக்கு. எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, வெள்ளம் புகுந்த ஜவுளிக்கடை என்று ஆயுள் முழுக்க அடுத்தவர் சாம்பலில் நடந்தவர். கடை முதலாளி நெஞ்சில் கைவைத்து, "எல்லாம் புதுச் சரக்கு சார், போன வாரம்தான் இறக்கினோம்" என்பார். சர்வேயர் மறுத்துப் பேசமாட்டார். தொண்டையைக் கனைப்பார். க்கும். அவ்வளவுதான். மேசை இழுப்பறையை மெல்லச் சாத்துகிற மாதிரி ஒரு வறண்ட ஒலி. அடுத்த வாக்கியத்திலேயே புதுச் சரக்கில் பாதி பழசாகிவிடும்.

வேலையை விட்டும் தொண்டை விடவில்லை. பேராசிரியர் மன்றத்தில், "நான் மிகவும் எளியவன், உறுப்பினர்களே" என்று தொடங்கினால் ஜன்னலோரத்திலிருந்து க்கும். வக்கீல், "நான் காசுக்காகக் கேஸ் எடுக்கிறதில்லை" என்றால் க்கும். கோபித்துக்கொள்ளவும் முடியாது. மனுஷனுக்குத் தொண்டை, அது கனைக்கும், அதற்கு என்ன செய்ய? நாளாக ஆக, பெரிய வாக்கியம் எதையும் சொல்லுமுன் எல்லோரும் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளப் பழகினார்கள். மன்றத்தில் கொஞ்சநஞ்சம் உண்மை பேசப்பட்டதென்றால் அதற்கு அந்தத் தொண்டைதான் காவல்.

மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம்; பிள்ளைகள் இல்லை. இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். ஒரு வாரநாள் மதியம் கடைக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மூக்குத் தாங்கி ஒன்று விழுந்துவிட்டது, வலது கண்ணுக்குப் பவரும் மாறியிருந்தது. சரிசெய்து வரும்வரைக்கும் வீட்டில் கிடக்கும் பழைய கண்ணாடியை வைத்துச் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார்.

"படியில பாத்துப் போங்க சார்" என்றார் கடைக்காரர். கடையில் அவருக்கு 'உறுப்பினரே' வாயில் வராது.

"பாக்கறதுக்கு வேண்டியத உங்ககிட்ட குடுத்துட்டுப் போறேன். நீங்க பாத்துப் போங்கறீங்க" என்று சொல்லிவிட்டு, கடை வாசற்படியின் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கிப் போனார்.

கண்ணாடி தயாராகிவிட்டது. சர்வேயர் வரவில்லை. ஞாயிறு கூட்டத்துக்கும் வரவில்லை. கடையில் ஒரு வழக்கம் உண்டு: தயாரான கண்ணாடி இழுப்பறையில் தங்கினால், கடைக்காரர் தானே போன் போட்டு, "உங்க கண்ணாடி ரெடி, எப்ப வர்றீங்க?" என்று கேட்பார். சண்டை போட்டுவிட்டுப் போனவருக்கும் போடுவார். கண்ணில்லாமல் ஒருவர் தெருவில் அலைவதை அவரால் தாங்கமுடியாது. அன்றைக்கும் போனைக் கையில் எடுத்தார். எண்ணைத் தேடினார். அப்போதுதான் தோன்றியது: இவர் உறுப்பினராயிற்றே. கூட்டத்துக்கு வராத மறுநாள் போன் போட்டால், கண்ணாடி என்று வெளியே சொன்னாலும் உள்ளே கேட்பது என்ன? 'ஏன் வரலை?' என்பதுதானே. விதியை எழுதியவனே கொல்லைப்புற வழியாக அதை மீறலாமா?

போனைக் கீழே வைத்தார். வைத்ததோடு விடவில்லை, தன் கொள்கைப் பிடிப்பை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார். பின்னால் எத்தனையோ முறை அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போனபோது, அவரைக் குத்தியது போனை வைத்ததல்ல. அந்தப் பெருமைதான்.

அடுத்த ஞாயிறும் ஜன்னலோரம் காலி. அதற்கடுத்த ஞாயிறு பேராசிரியர் சிறப்புரை ஆற்றினார். தலைப்பு, 'தனிமை: நவீன மனிதனின் நோய்'. பேச்சு வெண்ணெயில் கத்தி இறங்கியது போல் வழுக்கிக்கொண்டு போனது. எங்கும் தடங்கல் இல்லை. ஏன் தடங்கல் இல்லை என்று யாரும் யோசிக்கவில்லை. "இன்னிக்குப் பிரமாதம்" என்று பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி வக்கீல் சொன்னார்.

அந்த வாரம்தான், சர்வேயருக்குக் கீழ்வீட்டுக்காரர் கூரையில் ஈரம் கண்டு, சண்டை போடலாமென்று மேலே போனார். கதவைத் தட்டினார். பிறகு உடைத்தார்கள்.

குளியலறையில் கிடந்தார். மூக்கின் மேல் பழைய கண்ணாடி, நெளிந்து. ஆஸ்பத்திரியில் கை கழுவிக்கொண்டே டாக்டர் கண்ணாடிக்கடைக்காரரிடம் சாதாரணமாகச் சொன்னார்: "விழுந்த உடனே போகலை. கொஞ்ச நாள் இருந்திருக்கார். செவுத்தத் தட்டிட்டே இருந்திருப்பார் போல. விரல் முட்டியெல்லாம்..." எதிரில் நின்றவரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயை மூடினார்.

மன்றம் சடங்கில்லாமல் வழியனுப்பியது. உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க அவர் முன்பே எழுதி வைத்திருந்தார்; நாளாகிவிட்டதென்று கல்லூரி மறுத்துவிட, மின்மயான வண்டி வந்து கொண்டுபோயிற்று. பேராசிரியர், நாம் அனைவரும் விண்மீன்களின் தூசி என்று பேசினார். பேச்சு முடிந்தபோது ஊற்றி வைத்த தேநீர் ஆறக்கூட இல்லை. அழ நினைத்த ஒன்றிரண்டு பேருக்கும் எங்கே நின்று, எப்போது அழவேண்டும் என்று தெரியவில்லை. அதற்கு விதி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வீட்டைக் காலி செய்ய ஆளில்லாததால் கண்ணாடிக்கடைக்காரரே போனார். ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். ஒன்று உட்கார்ந்து உட்கார்ந்து குழிவிழுந்தது. மற்றது அதற்கு எதிரே போடப்பட்டிருந்தது. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. வருகிறவருக்காக வாங்கியது. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உட்காரத் துணியவில்லை. தலையில் சுமந்து வந்து மன்றத்தின் ஜன்னலோரம் போட்டார்.

அடுத்த ஞாயிறு பேராசிரியர் எழுந்து, "மறைந்தவர் நம் குடும்பத்தில் ஒருவர்" என்றார்.

க்கும்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு முதுகுத்தண்டில் ஈரத்துணியை வைத்தது போலிருந்தது. திரும்பினார். உறை போட்ட நாற்காலி காலியாக இருந்தது. மற்றவர்கள் நேராகப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் அதிகமாகவே நேராகப் பார்த்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தார்கள்.

பகுத்தறிவுள்ளவன் என்ன செய்வானோ அதை அவர் செய்தார். கூட்டம் கலைந்ததும் விசிறியைப் போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக் உறை காற்றில் சரசரத்தது, ஆனால் கனைக்கவில்லை. தண்ணீர்க் குழாயில் காதை வைத்தார். கடைசியில், நினைவு செவியில் எழுப்புகிற ஒலி என்று தனக்குத்தானே விளக்கம் சொன்னார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அரண்டவன் காதுக்கு அடைத்ததெல்லாம் தொண்டை. விளக்கம் கச்சிதமாக இருந்தது. ஆனாலும் அந்த நாற்காலிக்கு முதுகு காட்டாமல்தான் படியிறங்கினார்.

பிறகு அது மாடியிலிருந்து கீழே இறங்கி வந்தது. அகலமுகக்காரர் ஒருவர் ஒரு குட்டி ஃபிரேமைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடியில் நெளிந்து நெளிந்து பார்த்தார். "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. முதுகுக்குப் பின்னால், க்கும். "இல்ல சார், கன்னத்தக் கடிக்குது. வேற பாக்கலாம்" என்று அவசரமாகத் திருத்திக்கொண்டார். 'கீறலே விழாத கண்ணாடி' என்றது ஒரு க்கும் வாங்கியது. 'நாளைக்கே ரெடி' என்றது இன்னொரு க்கும் வாங்கியது. இருட்டாக்கிய சோதனை அறையில், வந்தவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று கேட்கும்போது, மூலை முக்காலியில் யாரோ பொறுமையாகத் தன் முறைக்குக் காத்திருப்பது போலவே இருக்கும். அந்த மாதம் வியாபாரம் குறைந்தது. புகார்களும் குறைந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

அவர் மனைவி கடவுளைப் பழைய குடை போல வைத்திருப்பவள். மழை வந்தால் எடுப்பாள், வெயிலில் எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுவாள். மன்றத்தைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. ஒருநாள், இழுப்பறையில் கிடந்த சர்வேயர் கண்ணாடியைக் கணவன் எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாருக்கும் போன் பண்ணுவீங்களே. அவருக்கு ஏன் பண்ணலை?"

"விதி" என்றார்.

"விதிங்கற பேச்சே கூடாதுன்னுதானே மன்றம் வச்சீங்க?"

அவர் இழுப்பறையைச் சாத்தினார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று முணுமுணுத்தபடி அவள் உள்ளே போனாள். கண்ணாடிக்கடைக்காரனாகவும் நாத்திகனாகவும் அவருக்கு அது இரண்டு பக்கமும் உறைத்தது.

இதற்கிடையில் இன்னொரு நாற்காலியும் காலியாகியிருந்தது. பல் டாக்டருடையது. ஐம்பதைத் தாண்டியவர், கிளினிக்குக்கு மேலேயே தனியாகக் குடியிருப்பவர். பேராசிரியர் பேசும்போது, "கொஞ்சம் வாயத் தெறங்க... சரி, இப்ப மூடலாம்" என்று நோயாளியிடம் பேசுகிற அதே குரலில் சொல்லக்கூடிய ஒரே ஆள். சில வாரங்களாக வரவில்லை. யாரும் விசாரிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கண்ணாடிக்கடைக்காரரின் பார்வை அந்த நாற்காலியிலிருந்து சுவரில் மாட்டிய சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து ஜன்னலோரத்துக்கும் போய்வந்தது. கேட்டுவிடலாம் என்று வாய் திறப்பார். கேட்டுவிட்டால், 'அன்றைக்கு ஏன் கேட்கவில்லை?' என்கிற கேள்வியும் கூடவே வந்து நிற்கும். வாயை மூடிக்கொள்வார்.

அப்போதுதான் பேராசிரியருக்கு நினைவேந்தல் யோசனை உதித்தது. பொதுமக்களை அழைப்பது, புது உறுப்பினர் சேர்ப்பது, மறைந்தவரின் கண்ணாடியை மேசையில் வெல்வெட்டின் மேல் வைத்து, மேலே கண்ணாடிக் கூடு கவிழ்ப்பது.

"பாக்கறவங்களுக்கு ஏதோ பூஜை மாதிரித் தெரியாதா?" என்று வக்கீல் இழுத்தார்.

"வழிபாடு வேறு, காட்சிப்படுத்தல் வேறு" என்றார் பேராசிரியர்.

பூ வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். பூ கூடாது, வேண்டுமானால் தொட்டியோடு ஒரு செடி வைக்கலாம் என்று தீர்மானமாயிற்று. நினைவுரையைப் பேராசிரியர் எழுதித் தருவார். விதியைத் தந்தவர் என்ற முறையில் செயலாளர் வாசிப்பார்.

கையில் கொடுத்த உரையை அவர் கடையிலேயே படித்தார். 'அவர் தனித்து வாழ்ந்தார், தனித்து மறைந்தார். அதுவே அவரது தேர்வு. இறுதிவரை அவரது சுதந்திரத்தில் நாம் குறுக்கிடவில்லை.' நல்ல வாக்கியங்கள். ஒரு கறைகூட இல்லை. சபை நடுவே இதை உரக்க வாசித்துவிட்டால் விதியும் கழுவப்பட்டுவிடும், விதியை எழுதியவனும் கழுவப்பட்டுவிடுவான். அதற்கப்புறம் காதும் அடங்கிவிடலாம். அவருக்கு அது வேண்டியிருந்தது. பசித்தவனுக்குச் சோறு வேண்டியிருப்பது போல வேண்டியிருந்தது.

நினைவேந்தலன்று மாடி நிரம்பி வழிந்தது. கூட்டின் கீழே சர்வேயரின் கண்ணாடி, ஒரு தாங்கி புதுசாகவும் ஒரு தாங்கி மஞ்சளடித்தும், கூட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. பக்கத்தில் செடி. ஜன்னலோர நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்த வக்கீலை உட்காரச் சொன்னதற்கு, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றார். அந்த ஜன்னலுக்கு எதிரே இருப்பது பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

கண்ணாடிக்கடைக்காரர் வாசித்தார். குரல் பிசகவில்லை. "தனித்து மறைந்தார். அதுவே அவரது தேர்வு" என்ற இடத்தில் நிறுத்தினார். கனைப்புக்காகத் தோளை இறுக்கிக்கொண்டார்.

வரவில்லை.

விசிறி சுற்றியது. உறை லேசாகச் சரசரத்தது. வேறு சத்தமே இல்லை. அவர் தலை நிமிர்ந்தார். முன்வரிசையில் வக்கீல் தலையைச் சாய்த்து ஜன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும். மேடையில் பேராசிரியரும். பழைய உறுப்பினர் ஒவ்வொருவரும் அந்தக் காலி நாற்காலியையே பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காத்திருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இத்தனை வாரமும். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை.

இப்போது கனைப்பு வராததுதான் அவரை உலுக்கியது. இவரிடம் இனிக் கனைத்தும் பயனில்லை என்று, பொய் சொன்ன முதலாளியிடம் கனைக்காமல், தலையை ஆட்டி, எழுந்து போய்விடுகிற சர்வேயரை அவர் மனக்கண்ணில் பார்த்தார்.

அவர் பார்வை இரண்டாவது காலி நாற்காலிக்குப் போயிற்று. தாளை மடித்தார்.

"பல் டாக்டர் ஏன் வரலை?" என்றார்.

ஒலிபெருக்கி அதைத் தெருவரைக்கும் கொண்டுபோயிற்று. பேராசிரியர் எழுந்து அருகில் வந்து, "உறுப்பினரே, விதி..." என்று தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

"யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. அவர் கூட்டைத் தூக்கி, கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

கிளினிக் மூடியிருந்தது. பக்கவாட்டுப் படியில் ஏறி மேல்வீட்டுக்குப் போனார். கதவைத் தட்டினார். பதிலில்லை. மறுபடி தட்டினார். மூன்றாம் முறை தட்டியபோது தன் விரல் முட்டியைப் பார்த்தார். ஆஸ்பத்திரி டாக்டர் பாதியில் நிறுத்திய வாக்கியம் நினைவுக்கு வந்தது. கதவின் அடி இடுக்கில் ஈரம் தெரிகிறதா என்று குனிந்தார்.

குனிந்த நிலையில் இருக்கும்போது கதவு திறந்தது.

பல் டாக்டர் கசங்கிய உடையோடு, தலை கலைந்து, முழு உயிரோடு நின்றார். "என்ன தேடறீங்க?" என்றார்.

கடைக்காரர் அவசரமாக நிமிர்ந்தார். என்னென்னவோ சொல்ல வந்தவர், உலகத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார். "ஒண்ணுமில்ல டாக்டர். சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

க்கும்.

படிக்கட்டின் கீழ்த் திருப்பத்திலிருந்து வந்தது. அவர் திரும்பவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்தார். டாக்டரின் கண்கள் அவரைத் தாண்டி, தோளுக்கு மேலாக, படியிறக்கத்துக்குப் போய் நின்றன.

"உங்களுக்கும் கேக்குதா?" என்றார் டாக்டர். குரல் சன்னமாகிவிட்டது.

அவர் தலையாட்டினார். டாக்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார்.

"'வலிக்காது'ன்னு சொல்ல முடியலண்ணா" என்றார். அந்த 'அண்ணா' எப்படி வந்ததென்று இருவரும் கவனிக்கவில்லை. "ஊசியக் கையில எடுத்துட்டு, வலிக்காதுன்னு வாயத் தெறந்தா பின்னால கனைக்கறார். வலிக்கும்னு உண்மையச் சொன்னா, வந்தவன் எந்திரிச்சு ஓடறான். பாதிப் பல்லோட ஒருத்தன் ஓடிட்டான். தலைக்குள்ள ஏதோ வளருதுன்னு நெனச்சு ஸ்கேன்கூட எடுத்தேன். ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஒண்ணுமில்லன்னு வந்தப்புறம்தான் ரொம்பப் பயமாப் போச்சு."

"சொல்லியிருக்கலாமே டாக்டர்."

"யார்ட்ட? பேயில்லன்னு பேசற கூட்டத்துலயா? யாராவது வந்து கேட்டா சொல்லிடலாம்னு உக்காந்திருந்தேன். வரமாட்டீங்கன்னும் தெரியும். அந்த விதிக்கு நானும்தானே கை தூக்கினேன்." வாசற்படியை விரலால் தேய்த்தபடி தொடர்ந்தார்: "அவரு வராதப்ப எனக்கு மனசுல பட்டுதுண்ணா. காலைல நான் நடக்கப் போற வழிதான் அவர் வீடு. தினம் அந்தக் கட்டடத்தத் தாண்டித்தான் போவேன்."

படியில் காலடியோசை கேட்டது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். மேல்மூச்சு வாங்க வந்து நின்றவர் வக்கீல். யாருக்கென்று தெரியாமலே கூட்டத்திலிருந்து தூக்கி வந்த பிஸ்கட் தட்டு கையில் இருந்தது.

"சும்மா இந்தப் பக்கமா..." என்று தொடங்கிய வக்கீல், பாதியில் வாயை மூடி, மெல்லப் பின்னால் திரும்பிப் பார்த்தார். தொழிலில் எத்தனையோ பொய்யை வியர்க்காமல் சொன்னவருக்கு அன்றைக்கு வேர்த்துக்கொட்டியது. தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

அடுத்த கூட்டத்தில் விதியை மாற்றுவது என்று பேச்சு வந்தது. ஒருவர் வரவில்லையென்றால் அன்றைக்கே இன்னொருவர் போய்க் கதவைத் தட்டுவது. பேராசிரியர் கொதித்துப்போனார். வீடு வீடாகப் போய்த் தட்டுவது மதக்காரர்களின் வேலை, அதைச் செய்தால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார்.

"அவங்க குளிக்கவும்தான் செய்றாங்க. அதுக்காக நாம குளிக்காம இருக்கமா?" என்றார் பல் டாக்டர்.

சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். பின்னால் சுவர் மட்டும் வெளுப்பாக, ஒரு கதவு அளவுக்கு இல்லாவிட்டாலும் கதவு போலவே, நீள்சதுரமாகத் தெரிந்தது. பேராசிரியர் பதவியைத் துறப்பதாக அறிவித்துவிட்டு வெளியேறினார். போகும்போது ஜன்னலோரத்தைப் பார்க்காமல் போனார். பார்க்காமல் போவதற்கு அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.

தலைவரில்லாத கூட்டம் சற்று நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது. அவரைப் போய்ப் பார்க்க யாருக்கும் ஆசையில்லை என்பதுதான் உண்மை. போனால் அரைமணி நேரம் நின்றுகொண்டே சொற்பொழிவு கேட்கவேண்டும். "கோவத்துல இருக்கார், ரெண்டு வாரம் ஆறட்டுமே" என்று வக்கீல் சொன்னார். சொல்லிவிட்டு அவரே காதைத் தீட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று கண்டு நிம்மதியடைவதற்குள், கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து செருப்பை மாட்டத் தொடங்கியிருந்தார். டாக்டரும் எழுந்தார். வக்கீல், வேறு வழியில்லாமல், பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டார்.

நடந்து போகையில் கண்ணாடிக்கடைக்காரர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்ணாடி அங்கேதான் இருந்தது. இழுப்பறையில் வைக்கவும் மனமில்லை, கூட்டுக்குள் வைக்கவும் மனமில்லை. டாக்டர் வீட்டு வாசலுக்குப் பிறகு கனைப்பு நின்றுவிடும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். செய்த தவறைச் சரிசெய்தால் ஆவி அடங்கும் என்பது கதைகளில் வழக்கம். ஆனால் ஆவியை நம்பாதவனுக்கு அந்தச் சலுகை கிடையாது போலும். நேற்றும் கடையில் ஒருவரிடம், "இந்த மாடல்தான் இப்ப எல்லாரும் போடறாங்க" என்றார். க்கும்.

பேராசிரியர் வீடு இரண்டாம் மாடியில். தட்டினார்கள். உள்ளே ஏதோ நகரும் சத்தம். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மன்றத்தில் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் வருகிறவர், பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு நின்றார். முகத்தில் நாலைந்து நாள் தாடி. பின்னால் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மேசையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், புத்தகங்கள். எதிரே நாற்காலியே இல்லை. வருகிறவருக்கென்று ஒன்றை வாங்கிப் போடும் துணிச்சல்கூட இவருக்கு இருந்திருக்கவில்லை என்று கண்ணாடிக்கடைக்காரருக்குத் தோன்றியது.

பேராசிரியர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முதுகை நிமிர்த்தினார். பழைய குரலை எங்கிருந்தோ தேடி எடுத்துக்கொண்டார்.

"நான் முற்றிலும் நலமாக இருக்கிறேன். என்னைப் பற்றி எவரும் கவலை கொள்ளத் தேவையில்லை."

க்கும்.

மூன்று பேரும் அசையவில்லை. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவும் இல்லை. பேராசிரியரின் கண்கள் மட்டும் மெல்ல நகர்ந்து, அவர்களைத் தாண்டி, படிக்கட்டுத் திருப்பத்தின் அரையிருளில் போய் நின்றன. அங்கே அவர் என்ன பார்த்தார் என்று அப்போதும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நிமிர்ந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"உள்ள வாங்க" என்றார் கடைசியில். அவர் வாயிலிருந்து மேடை இறங்கிய தமிழை அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. "உக்கார எடமில்ல. கட்டில்லதான் உக்காரணும்."

வக்கீல் தட்டோடு நுழைந்தார். டாக்டர் நேராகப் போய் ஜன்னலைத் திறந்தார். கடைசியாக நுழைந்த கண்ணாடிக்கடைக்காரர் கதவைச் சாத்தக் கை வைத்தவர், படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கைப்பிடிச் சுவரில் மட்டும், தடவித் தடவி யாரோ ஏறிவந்தது போல, தூசியில் நீளமாக ஒரு கோடு. அவர்கள் மூவரில் ஒருவர் கையாகவும் இருக்கலாம்.

கதவைச் சாத்தாமல், ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தே விட்டார். ஏனென்று யாராவது கேட்டால் காற்றுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் சொன்னால் பின்னாலிருந்து என்ன கேட்கும் என்பது அவருக்குத் தெரியும்.